பாதிச் சாய்வு

எங்கள் அரங்கின் மேடை சாய்வானது. வெளியாட்களிடம் இதைச் சொன்னால், பாவம், பழைய கட்டடம், ஒரு பக்கம் இறங்கிவிட்டது போலிருக்கிறது என்று வருத்தப்படுவார்கள். அப்படியெல்லாம் இல்லை, கட்டும்போதே அப்படித்தான் கட்டினார்கள். பின்சுவர்ப் பக்கம் உயரம், பார்வையாளர் பக்கம் தாழ்வு. முப்பதடி ஆழத்தில் ஒன்றரை அடி இறக்கம். கடைசி வரிசைக்காரனுக்கும் நடிகரின் பாதம் தெரிய வேண்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் யோசித்திருக்கிறார். நான் அதே அரங்கில் இருபத்திரண்டு வருடமாக டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். கவுன்ட்டர் பக்கவாட்டுத் தெருவைப் பார்த்தது, மேடைக்கும் எனக்கும் நடுவில் ஒரு சுவர்தான். நாடகங்களை நான் பார்த்ததைவிடக் காதால் கேட்டதுதான் அதிகம்.

சாய்வான மேடையில் சாதாரண மேஜையைப் போட்டால் அதன்மேல் வைத்த டம்ளர் பார்வையாளர் மடியில் போய் விழும். அதனால் எங்கள் நாடகக் கம்பெனியில் செய்கிற மேஜை, நாற்காலி, கட்டில், அலமாரி எல்லாவற்றுக்கும் முன்கால் நீளமாகவும் பின்கால் குட்டையாகவும் இருக்கும். அந்தக் கணக்கெல்லாம் மேஸ்திரியின் விரல் நுனியில். மேஸ்திரி என்றால் மீசை வைத்த ஆள் என்று நினைக்க வேண்டாம். நாற்பத்தாறு வயதுப் பெண். தச்சுப்பட்டறைக்கு அவள்தான் தலைவி. கம்பெனிக் குடியிருப்பில் என் எதிர்வீடு. நாடகம் முடிந்து கழித்துப்போட்ட சாமான்களை வீட்டுக்கு எடுத்து வந்து போட்டிருப்பாள். சமமான தரையில் அவை பின்பக்கம் சாய்ந்து நிற்கும். அவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் சவரக்கடையில் உட்கார்ந்த மாதிரி முகம் கூரையைப் பார்க்கும். டீ குடிக்க வேண்டுமானால் விளிம்புக்கு வந்து உட்கார வேண்டும். சரி செய்யேன் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், வீட்டு வேலைக்கு நேரம் ஏது அக்கா என்பாள்.

அவள் கணவர் நடிகர். இருபத்தாறு வயதிலேயே அப்பா வேஷம் போட ஆரம்பித்தவர், அதிலிருந்து இன்றுவரை அப்பாவேதான். கம்பெனியில் பெரியவர் சின்னவர் எல்லோரும் அவரை அப்பாக்காரர் என்றுதான் சொல்வார்கள். நல்ல மனிதர். கொஞ்சம் பேச்சு அதிகம். தன்னைப் பற்றிய பேச்சு இன்னும் கொஞ்சம் அதிகம்.

எங்கள் கம்பெனி வெளிநாடு போகிறது என்ற சேதி வந்த அன்று கவுன்ட்டர் கண்ணாடியில் நானே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். ஐந்து நாடு, ஏழு ஊர், மூன்று மாதம். டிக்கெட் வாங்க வந்தவர்கள் எல்லாம் என்னவோ நான்தான் நடிக்கப் போகிறேன் என்பதுபோல என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். நானும் குலுக்கக் கொடுத்தேன். ஏன் கொடுக்கக் கூடாது? எத்தனையோ பெரிய கம்பெனிகள் தவம் கிடக்கிற அரங்குகள் அவை. அங்கிருந்து ஆட்கள் வந்து, எங்கள் ஒன்பது நாடகங்களையும் பார்த்து, தையல்கடை நாடகம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள்.

அந்த நாடகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு தையல்காரர், அவருடைய கடை, மூன்று பிள்ளைகள். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய்விடுவார்கள். கடைசியில் கடையும் கைமாறிவிடும். மிஷின்களை எல்லாம் தூக்கிக்கொண்டு போனபிறகு காலிக் கடையில் தையல்காரர் மட்டும் நிற்பார். மூலையில் ஒரு நூல்கட்டை கிடக்கும், ஒரு சாண் உயரம், நூல் முழுவதும் தீர்ந்துபோன மரக்கட்டை. அதை எடுப்பார், குனிவார், தரையில் உருட்டிவிடுவார். அது காலி மேடையில் தனியாக உருண்டு வந்து, பார்வையாளர்களுக்கு முன்னால் விளிம்புச் சட்டத்தில் முட்டி நிற்கும். விளக்கு அணையும். அவ்வளவுதான். வசனம் கிடையாது, இசை கிடையாது. பதினோரு வருடமாக அந்த இடத்தில் அரங்கத்தில் ஒருவர் இருமிக்கூட நான் கேட்டதில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எண்ணுவேன். பன்னிரண்டு எண்ணினால் கட்டை நிற்கும்.

தையல்காரராக நடிப்பவர் நம் அப்பாக்காரர்தான். அதற்கு முன்னால் மூன்று வருடம் அவருக்குச் சொல்லிக்கொள்கிற மாதிரி வேஷம் இல்லை. நடிப்பை விட்டுவிட்டு மைத்துனனின் துணிக்கடையில் போய் உட்காரலாமா என்ற யோசனை வரைக்கும் போயிருந்தார். இந்த நாடகம் வந்தது, எல்லாம் மாறிப்போனது. ஒரு பத்திரிகையில் அந்த நூல்கட்டையைப் பற்றி மட்டும் ஒரு பத்தி எழுதி, பேசுகிற கை என்று போட்டார்கள். அதை மேஸ்திரி வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டினாள். அப்புறம் வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பாக்காரர் கையைத் தூக்கிக் காட்டி, எல்லாம் மணிக்கட்டில் இருக்கிறது என்று ஆரம்பிப்பார். விசை கொடுக்கக் கூடாது, விட வேண்டும், விடுவதிலும் ஒரு பிடி வேண்டும் என்று கால்மணி நேரம் பேசுவார். மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் டீயை நீட்டுவாள்.

வெளிநாடு போகிறவர்கள் பட்டியல் வந்தது. இருபத்தெட்டுப் பேர். நடிகர்கள், விளக்கு, ஒலி, உடுப்பு, ஒப்பனை, எல்லாம் இருந்தது. தச்சு மட்டும் இல்லை. அங்கே ஒவ்வொரு அரங்கிலும் சொந்தத் தச்சர்கள் இருக்கிறார்கள், சாமான்களைச் சமத் தரைக்குத் தகுந்த மாதிரி மாற்றி அனுப்பினால் போதும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். மேஸ்திரி பட்டியலைப் படித்தாள், மடித்தாள், பட்டறைக்குப் போய்விட்டாள். அப்பாக்காரராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். விடும்மா, மூணே மாசம்தானே, நீ வீட்டைப் பாத்துக்கோ என்று சொல்லிவிட்டுப் பெட்டி வாங்கக் கடைக்குக் கிளம்பிவிட்டார். அன்றைக்கு எனக்கே அவர்மேல் கோபம் வந்தது. அவளுக்கு வந்ததா என்று அவள் முகத்தை வைத்துச் சொல்ல முடியாது. அடுத்த ஒரு வாரம் அவர் சட்டைக்கு இஸ்திரி போடவில்லை, அது மட்டும் தெரியும்.

ஆனால் வேலையில் குறை வைக்கவில்லை. மேடையில் நிற்கிற சாமான்கள் அறுபத்தொன்று. அங்கே எல்லா மேடையும் சமம் என்று வரைபடம் வந்திருந்தது. ஒவ்வொன்றையும் தலைகீழாகக் கவிழ்த்து, முன்கால்களை அளந்து அறுத்து, அடியை இழைத்து, சமமாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். கதவு நிலைகளுக்குக் கீல் மாற்றினாள். ஆறு வாரம் பட்டறையில் நுழைந்தால் மரத்தூளில் செருப்பு புதையும். தும்மிக்கொண்டே பெயின்டர் அண்ணன் பின்னால் வர்ணம் தொட்டுக்கொண்டு வருவார். கப்பலில் ஏறிய ஒவ்வொரு பெட்டியையும் அவளே ஆணி அடித்து மூடினாள். கடைசிப் பெட்டி போனதும் கையைத் தட்டிவிட்டு, அங்க எங்கேயும் ஒரு தீக்குச்சி முட்டுக் கொடுக்க வேண்டியிருக்காது அக்கா என்றாள். அதைச் சொன்னபோது அவள் நின்ற நிலையைப் பார்க்க வேண்டும். ஆபீசில் ஒருவருக்கும் அப்படி நிற்கத் தெரியாது.

ஆட்கள் விமானத்தில் போனார்கள். முதல் ஊரில் நாடகத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது காலை பத்து மணிக்கு என் போன் அடித்தது. அங்கே அப்போது பிற்பகல் மூன்று மணி. அப்பாக்காரர்தான்.

"அக்கா, பக்கத்துல யாரும் இருக்காங்களா?"

"யாரும் இல்ல தம்பி, சொல்லுங்க."

"என் கை போச்சுக்கா."

முதலில் விபத்தோ என்று நினைத்தேன். அதில்லை. ஒத்திகையில் நூல்கட்டையை உருட்டினாராம். நாலடி போய்ப் படுத்துவிட்டதாம். மறுபடி, மறுபடி, நாற்பது தடவை. கொஞ்சம் விசை கொடுத்தால் ஓடுகிறது, ஆனால் யாரோ பந்து எறிந்த மாதிரி இருக்கிறதாம். இயக்குநர் முகம் சுண்டிப்போய், நாளைக்குள் சரியாக வராவிட்டால் உருட்டுவதை எடுத்துவிடலாம், கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள், விளக்கை அணைத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டாராம். எனக்குத் தோள் வலி வந்தபோது பார்த்த நரம்பு டாக்டரின் நம்பர் அவருக்கு வேண்டும். விரலில் உணர்ச்சி குறைந்திருக்கிறது, நேற்றிலிருந்து லேசாக நடுங்குகிறது என்றார்.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அக்கா. ஏற்கெனவே கோவமா இருக்கா. கையும் போச்சுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா."

சொல்ல மாட்டேன் என்றேன். பத்து நிமிடத்தில் வருகிறேன் என்ற அட்டையைக் கவுன்ட்டரில் மாட்டிவிட்டு நேராகப் பட்டறைக்குப் போனேன். சில விஷயங்களில் வாக்குக் கொடுப்பது வேறு, காப்பாற்றுவது வேறு.

மேஸ்திரி அடுத்த நாடகத்துக்கு ஜன்னல் சட்டம் இழைத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கிறவரை இழைப்பை நிறுத்தவில்லை. நாலடியில் படுத்துவிட்டது என்றதும் கை நின்றது. பக்கத்தில் இருந்த மரக்குவியலில் பொத்தென்று உட்கார்ந்தாள். சிரித்தாள். சிரிப்பு பாதியில் அறுந்துபோனது.

"அறுபத்தொரு சாமானுக்கும் கால் பாத்தேன் அக்கா. அந்தக் கட்டைக்குக் கால் இல்லையே, விட்டுட்டேன்."

எனக்கும் புரியவில்லை, பக்கத்தில் வர்ணம் கலந்துகொண்டிருந்த பெயின்டர் அண்ணனுக்கும் புரியவில்லை. எங்கள் இருவரையும் மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். காலி மேடை, ஒரே ஒரு வேலை விளக்கு. ஒத்திகைக்கு வைத்திருந்த இன்னொரு நூல்கட்டையை எடுத்து, அப்பாக்காரர் குனிகிற இடத்தில் தரையில் வைத்தாள். விரலை எடுத்தாள். தள்ளவில்லை, தட்டவில்லை, ஒன்றுமே செய்யவில்லை. கட்டை ஒரு கணம் யோசித்தது, அப்புறம் மெல்லப் புறப்பட்டு நேர்கோட்டில் உருண்டு விளிம்புக்குப் போய் நின்றது. பதினோரு வருடமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் நான் கேட்ட அதே சத்தம். பன்னிரண்டு எண்ணினேன், சரியாக இருந்தது.

பெயின்டர் அண்ணன் குனிந்து பலகையைத் தடவினார். நான்கு பலகைகள் நடுவில் லேசாகக் குழிந்திருந்தன, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. அப்போதுதான் மேஸ்திரி சொன்னாள், பதினோரு வருடத்துக்கு முன்னால் முதல் ஒத்திகையில் கட்டை கோணலாகத் திரை பக்கம் ஓடிக்கொண்டே இருந்ததாம். மூன்று நாள் விடிகாலையில் ஒருவரும் வருவதற்கு முன்னால் வந்து, அந்தப் பாதையை அவள் இழைத்திருக்கிறாள். மூன்றாம் நாள் கட்டை நேராக ஓடியது. அன்று சாயங்காலம் அப்பாக்காரர் வீட்டுக்கு வந்து, பிடித்துவிட்டேன், மணிக்கட்டு வேலை பிடிபட்டுவிட்டது என்று குதித்தாராம்.

"மூணு வருஷம் கழிச்சு அன்னைக்குத்தான் அவர் வயிறாரச் சாப்பிட்டார். அந்த நேரத்துல போய், அது என் தரைன்னு சொல்லவா? சொல்லலை. அப்புறம் பத்திரிகையில வந்துச்சு. அதுக்கப்புறம் எங்க சொல்றது?"

பெயின்டர் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். அங்கே தரையில் ரப்பர் விரிப்பு போட்டிருப்பார்கள், அதனால்தான் ஓடவில்லை என்று சொல்லி வைக்கலாம், பாதி உண்மைதானே என்றார். எனக்கும் அதுதான் நல்லதாகப் பட்டது. ஒரு மனிதரின் பதினோரு வருடப் பெருமையை போனில் பிடுங்குவது சாதாரண காரியமா? அவள் போய் விளிம்பில் கிடந்த கட்டையை எடுத்து வந்தாள்.

"கை போச்சுன்னு நம்பிக்கிட்டு இருக்கார் அக்கா. அந்த நினைப்போட மேடை ஏறினா நிஜமாவே போயிடும்."

மேடையில் நின்றபடியே போன் போட்டாள். நான் நகர்ந்தேன், இருங்க அக்கா என்று கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். ஒலிபெருக்கியில்தான் பேசினாள்.

"உங்க கைக்கு ஒண்ணுமில்லைங்க."

"அக்கா சொல்லிட்டாங்களா?"

"சொல்லாம இருப்பாங்களா? கேளுங்க. இங்க அந்தக் கட்டையை நீங்க உருட்டலை. மேடை சாய்வு, அது தானா உருளும். கோணாம ஓட நான் பலகையை இழைச்சு வச்சிருக்கேன். அங்க மேடை சமம். அதான் நிக்குது. வேற ஒண்ணுமில்லை."

அந்தப் பக்கம் யாரோ சுத்தியல் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பதினோரு வருஷமாவா?"

"ஆமாங்க."

"உனக்கு முதல்லருந்தே தெரியும்."

"நான்தானே இழைச்சேன்."

"பேப்பர்ல வந்ததை நீதானே வெட்டி அலமாரில ஒட்டின?"

"நான்தான் ஒட்டினேன்."

"வர்றவன் போறவன்கிட்டல்லாம் மணிக்கட்டு மணிக்கட்டுன்னு பேசினேனே, டீயைக் கொடுத்துட்டுச் சும்மா நின்னியே. அப்ப நான் என்ன பெரிய நடிகன்?"

"அதுக்கு முன்னால ரெண்டேகால் மணி நேரம் யார் நடிச்சது? தரையா?"

போன் வைக்கப்பட்டுவிட்டது. அவள் அதைப் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினாள். அன்று முழுக்க ஜன்னல் சட்டத்தை இழைத்தாள். மத்தியானம் நான் ரொட்டியும் முட்டையும் கொண்டுபோய் வைத்தேன், தொடவில்லை. சட்டம் தேவையைவிட மெலிந்துபோய்விட்டது. அதைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு வேறொரு மரம் எடுத்தாள். சொல்லியிருக்கக் கூடாதோ என்று ஒரே ஒரு முறை கேட்டாள். டீ வாங்கி வரவா என்று மட்டும் கேட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு என் கதவைத் தட்டினாள். கையில் போன், அதில் அப்பாக்காரர் முகம். தூங்காத முகம். விடிந்ததும் ஒருவரிடமும் சொல்லாமல் அரங்குக்குப் போய், கட்டையைத் தரையில் வைத்து வெறுமனே விரலை எடுத்துப் பார்த்தாராம். அசையவே இல்லையாம். அரைமணி நேரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம்.

"வெட்கமா இருக்கும்மா. ஆனா அதையெல்லாம் அப்புறம் பட்டுக்கறேன். இப்ப என்ன செய்யணும், சொல்லு."

நான் அவரை எத்தனையோ கிண்டல் செய்திருக்கிறேன். அந்த ஒரு வார்த்தைக்காக அவ்வளவையும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

அன்று நடந்த வேலையை இந்த ஊரில் வேறு யாரும் செய்திருக்க முடியாது. அந்த அரங்கின் தச்சர் நரைத்த தாடிக்காரர், அவர் மொழி இவளுக்குத் தெரியாது, இவள் மொழி அவருக்குத் தெரியாது. அப்பாக்காரர் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவள் ஒரு ஒட்டுப்பலகையில் கரிப் பென்சிலால் படம் போட்டு, எண்ணாக எழுதிக் காட்டினாள். தாடிக்காரர் அளவுகோலைத் தூக்கிக் காட்டுவார், இவள் தலையசைப்பாள். பலகைக்கு அடியில் வைக்கிற கட்டைகள் பின்னால் ஆறு அங்குலம், அப்புறம் ஐந்து, நாலு என்று குறைந்துகொண்டே வந்து விளிம்பில் ஒன்றுமில்லாமல் போக வேண்டும். நாலு பலகை அகலம், இருபதடி நீளம். பார்க்கிறவர்களுக்குக் கடைத் தரையில் ஒரு மேட்டுப் பாதை மாதிரி இருக்கும். ஒரு இடத்தில் அவர் மரத்தின் நார் ஓடுகிற திசைக்கு எதிராக இழைக்கப் போனார். இவள் இங்கிருந்து, ஐயோ அண்ணே, திருப்புங்க என்றாள். அவருக்கு என்ன புரிந்ததோ, பலகையைத் திருப்பினார். அப்புறம் ஒவ்வொரு பலகைக்கும் இவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் இழைப்புளியைத் தொட்டார். அவளுக்கு முதன்முதலில் கிடைத்த மரியாதை ஐந்து கடல் தாண்டிக் கிடைத்ததே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பாதை முடிந்ததும் அப்பாக்காரர் கட்டையை வைத்து விரலை எடுத்தார். பாதி தூரம் வந்து நின்றுவிட்டது.

"வராதுங்க. நம்ம மேடையில இருபதடிக்கு ஒரு அடி இறக்கம். இங்க அரை அடிதான் போட்டிருக்கேன். புதுப் பலகை வேற இழுக்கும். பாதி நான் தர்றேன். மீதியை உங்க கை தரணும்."

அவர் கட்டையைப் போய் எடுத்து வந்தார். மறுபடி உருட்டினார். போனை எங்கேயோ சாய்த்து வைத்துவிட்டார், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதே மறந்துவிட்டது போலிருந்தது. எறிந்தார், கட்டை குதித்தது. மெதுவாகத் தள்ளினார், நின்றது. ஐம்பத்தொரு வயது மனிதர், முட்டி போட்டுக் குனிந்து, போய் எடுத்து, வந்து குனிந்து, உருட்டிக்கொண்டே இருந்தார். அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

டீ குடிக்கும்போது மேஸ்திரியிடம் கேட்டேன், ஒரு அடியாகவே போட்டிருக்க முடியாதா என்று. மற்ற நடிகர்கள் சாமான் தூக்கிக்கொண்டு குறுக்கே போவார்கள், உயரமாக இருந்தால் தடுக்கும் என்றாள். சுற்றி வழி விட்டால் என்றேன்.

"விட்டா முடியும் அக்கா." டீயை ஊதினாள். "முழுசும் நானே கொடுத்துட்டா அவர் எதுக்கு அங்க நிக்கணும்?"

அதற்கு மறுநாள் நாடகம். அங்கே இரவு ஒன்பதே கால் என்றால் இங்கே சாயங்காலம் நாலேகால். மேடைப் பொறுப்பாளர் திரையோரம் நின்று போனில் கடைசிக் காட்சியைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். பட்டறையில் தையல்பிரிவுப் பெண்கள், காவலாளி, ஆபீஸ் ஆட்கள், எல்லோரும் கூடிவிட்டார்கள். நான் கவுன்ட்டரை மூடிவிட்டே வந்துவிட்டேன். பெயின்டர் அண்ணன் போனை வர்ண டப்பாமேல் நிறுத்தி வைத்தார். மேஸ்திரி கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள், கையில் உளி, தீட்டிக்கொண்டே இருந்தாள்.

மிஷின்கள் போயின. கடை காலியானது. அப்பாக்காரர் நூல்கட்டையை எடுத்தார், அந்த மேட்டுப் பாதையின் தலைமாட்டில் குனிந்தார். கட்டையைத் தரையில் வைத்தார், கை அதன்மேலேயே இருந்தது. வழக்கமாக இவ்வளவு நேரம் வைக்க மாட்டார். விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கடைசி விரல் போகிறபோது லேசாக ஒரு வழியனுப்பு, அவ்வளவுதான். கட்டை புறப்பட்டது. எனக்குப் பழக்கம், எண்ண ஆரம்பித்தேன். ஆறு, ஏழு. பாதியைத் தாண்டியது. வேகம் குறைந்தது. பத்து. தையல்பிரிவுப் பெண் ஒருத்தி என் தோளைப் பிடித்து நசுக்கினாள். பன்னிரண்டு வந்தது, கட்டை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நம் மேடையில் இந்நேரம் நின்றிருக்கும். பதினைந்து. உளி தீட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. ஒரு பலகை மூட்டில் கட்டை தயங்கியது, தாண்டியது. பத்தொன்பதில் விளிம்புக்கு வந்து நின்றது.

விளக்கு அணைந்தது. அப்புறம் எழுந்த கைதட்டல் அந்தச் சின்ன போனுக்குள் அடங்கவில்லை, மழை கொட்டுகிற மாதிரி இரைந்தது. இத்தனை வருடத்தில் அந்தக் காட்சி இவ்வளவு நன்றாக இருந்ததில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். பத்தொன்பது எண்ணுகிற நேரத்துக்கு ஆயிரம் பேரை மூச்சைப் பிடிக்க வைத்தது எங்கள் கம்பெனி, எங்கள் எதிர்வீடு.

எல்லா நடிகர்களும் வரிசையாக வந்து வணங்கினார்கள். அப்பாக்காரர் கடைசியாக வந்தார். கூட்டம் எழுந்து நின்றது. அவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை. முட்டி போட்டு, அந்தப் பலகைமேல் வலது உள்ளங்கையை வைத்தார். அப்படியே சற்று நேரம் வைத்திருந்தார். அப்புறம் எழுந்து, யாருக்கோ காட்டுவதுபோலக் கையால் அந்தத் தரையைக் காட்டினார். எங்கள் கம்பெனியில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. ஆனால் அங்கே எல்லோரும் அது நம் நாட்டு மரபு என்று நினைத்துக்கொண்டார்களாம், தலையைத் தாழ்த்தி மரியாதை செய்தார்களாம். மறுநாள் அவர்கள் பத்திரிகையில்கூட அப்படித்தான் வந்தது.

பட்டறையில் எல்லோரும் திரும்பி மேஸ்திரியைப் பார்த்தார்கள். அவள் அழுதுகொண்டே, மூணாவது மூட்டு சரியா சேரலை, பாத்தீங்களா, கட்டை தயங்குச்சு என்றாள்.

கைதட்டல் ஓய்வதற்குள் இயக்குநர் அந்த போனைப் பிடுங்கிக்கொண்டார். வேர்த்து விறுவிறுத்திருந்தார். அடுத்த ஊரில் மேடை வேறு அளவு, அதற்கடுத்த ஊரில் தரையே பளபளவென்று வழுக்கும், ஒவ்வொரு ஊருக்கும் போனில் தச்சுவேலை பார்க்க முடியாது என்று மூச்சுவிடாமல் பேசினார். பின்னாலிருந்து அப்பாக்காரரின் குரல் கேட்டது, அவ வரலைன்னா கட்டையை நீங்களே உருட்டிக்கங்க என்று. இயக்குநர் தொண்டையைச் செருமினார். அடுத்த ஊருக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, விசாவுக்கு ஆபீஸ் பார்த்துக்கொள்ளும், ஆனால் பாஸ்போர்ட் எடுக்கவே ஒரு மாதம் ஆகுமே, என்ன செய்வது என்று ஆபீஸ் ஆளைப் பார்த்துக் கேட்டார். ஆபீஸ் ஆள் என்னைப் பார்த்தார். நான் உதட்டைப் பிதுக்கினேன். பக்கத்து ஊருக்குக்கூட வேலையில்லாமல் போகாதவள், அவளிடம் ஏது?

மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் கருவிப்பெட்டியைத் திறந்தாள். உளிகளை எடுத்து வெளியே வைத்தாள், ரம்பத்தை வைத்தாள். அடியில் எண்ணெய்த் துணிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. அதிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து போனுக்கு முன்னால் பிரித்துக் காட்டினாள். புத்தம் புதுசு, எல்லாப் பக்கமும் காலி. நான் தேதியைப் பார்த்தேன். பயணச் சேதி வந்து, பட்டியல் வருவதற்கு முன்னால், அந்த இடைவெளியில் எடுத்தது. எதிர்வீட்டில் இருக்கிற எனக்குத் தெரியாது. கட்டிய புருஷனுக்கும் தெரியாது என்பது போனில் அவர் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இருக்கு சார்," என்றாள் மேஸ்திரி. "என் இழைப்புளியும் கூட வரும். அதுக்கும் சேத்து இடம் போடுங்க."